சுனி கோஸ்வாமியின் ஒரே சட்டை

கேள்வி: ரோமா அணிக்காகவே 18 ஆண்டுகள் ஆடிய இத்தாலிய நடுக்கள வீரர் டேனியல் டி ரோஸி போல, ஒரே கிளப்பைக் கட்டிக்கொண்டு வாழ்ந்தவர் நம் நாட்டில் உண்டா?
– கால்பந்து ரசிகர், முத்தாபுதுப்பேட்டை

பதில்: ஒரு படி மேலேயே உண்டு! ரோமா தலைவர் டோட்டிக்குப் பின்னால் பொறுமையாகக் காத்திருந்து 2017-இல் தலைவரான டி ரோஸி, கடைசியில் சில மாதம் அர்ஜென்டினாவின் போகா ஜூனியர்ஸுக்குப் போய்வந்தார். நம் சுனி கோஸ்வாமி அதுகூடச் செய்யவில்லை. எட்டு வயதில் மோகன் பகான் கிளப்பின் சிறுவர் அணியில் நுழைந்தவர், 1968-இல் ஓய்வு பெறும்வரை வேறு கிளப்பின் சட்டையைத் தொடவில்லை. லண்டனின் டாட்டன்ஹாம் கிளப் கூப்பிட்டதாகச் சொல்வார்கள், அசையவில்லை. டி ரோஸிபோல் நடுக்களம் இல்லை, இவர் முன்கள வீரர்தான்; ஆனால் விசுவாசத்துக்கு முன்களம், நடுக்களம் என்று உண்டா? 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அவர் தலைமையில்தான் தென்கொரியாவை 2-1 என வென்று தங்கம் வாங்கினோம். அந்த உயரத்தை இந்தியக் கால்பந்து இன்னும் தொடவில்லை என்பது நெஞ்சை அறுக்கிறது.

கற்பு கிளப்புக்கு மட்டும்தான், விளையாட்டுக்கு இல்லை! கிரிக்கெட்டிலும் கலக்கினார்: 1966-இல் இந்தூரில் மேற்கிந்தியத் தீவுகள் அணியின் 8 விக்கெட்டைச் சாய்த்தார். 1971-72 ரஞ்சி இறுதிப்போட்டியில் வங்காளத்துக்கும் அவரே தலைவர்.