மூணாவது கொஞ்சம் கம்மியா இல்ல?

ரப்பர் குழாயை நீட்டிக் காதில் வைக்கச் சொன்னால் மறுபேச்சில்லாமல் வைத்துவிடுவது நல்லது. எதற்கு என்று கேட்டால் விளக்கம் வரும். விளக்கம் முடிந்ததும் எப்படியும் குழாய் காதுக்குத்தான் வரும்.

கவன்ட்ரியில் எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் கராஜ்கள் இருக்கின்றன. ஞாயிறு காலை ஏழு மணிக்கு அதில் ஒன்றின் கதவு மட்டும் பாதி தூக்கியிருக்கும். உள்ளே 1990இல் பதிவான பெஜோ 205 ஜிடிஐ. கராஜுக்குள் அதன் பானெட் வண்டியின்மேல் இருந்து நான் பார்த்ததில்லை. சுவரில் சாய்ந்தேதான் இருக்கிறது. எஞ்சினிலிருந்து நான்கு அலுமினியக் குழல்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு முழ ரப்பர் குழாயின் ஒரு முனையை அந்த வாயிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்து, கண்ணை மூடியிருப்பார். தெருவில் யாராவது நடந்து போனால் மட்டும் கண் திறக்கும்.

கம்பெனி அந்த வண்டிக்குக் கொடுத்தது ஒரே ஒரு த்ராட்டில். அதன் வழியே நுழையும் காற்று ஒரு பெட்டியில் சேர்ந்து, அங்கிருந்து நான்கு சிலிண்டருக்கும் பிரிந்து போகும். 1.9 லிட்டர், 130 குதிரைத்திறன், வண்டியின் எடையே சுமார் 900 கிலோ. வளைவில் சட்டென்று காலை எடுத்தால் பின்பக்கம் முன்னால் வந்து நிற்கும் என்று ஏற்கெனவே பேர் வாங்கிய வண்டி. இதில் என்ன குறை? இருக்கிறதாம். பெட்டி நிரம்பிக் காலியாக நேரம் பிடிக்கிறதாம். சிலிண்டருக்கு ஒன்றாக, வால்வுக்குப் பக்கத்திலேயே நான்கு த்ராட்டில் வைத்தால், கால் நினைப்பதற்குள் எஞ்சின் எகிறுமாம். அந்தத் தாமதம் கண்ணிமைக்கும் நேரம்கூட இராது. அதைக் குறைக்க இவர் செலவழித்த காலத்தில் இவர் மகள் பள்ளிக்கூடம் முடித்துப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாள்.

இதற்கென்றே ஷ்ராப்ஷயரில், பிரிட்ஜ்நார்த் என்ற ஊரில், ஜென்வி என்ற கம்பெனி செட்டாகச் செய்து தருகிறது. பணத்தைக் கொடுத்து வாங்கி மாட்டலாம். ஆனால் வாங்கி மாட்டுகிறவர்கள் இந்த ஜாதியில் சேர்த்தி இல்லை. இவர் விபத்தில் நொறுங்கிய சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர் பைக்கிலிருந்து நான்கைக் கழற்றிக்கொண்டு வந்தார். பைக்கில் அவற்றுக்குள் இருக்கும் இடைவெளி வேறு, கார் எஞ்சினின் துளைகளுக்கு இடைவெளி வேறு. அறுத்து, தள்ளி வைத்து, மறுபடி கோக்க வேண்டும். காற்றை அளந்துகொண்டிருந்த பழைய மீட்டர் குப்பைக்குப் போனது. அது போனதும் பழைய கம்ப்யூட்டருக்கு வேலையில்லை. ஆகவே மெகாஸ்க்வர்ட் என்று ஒரு கிட் வாங்கி, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தானே சால்டர் வைத்தார். த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, எஞ்சின் என்ன வேகத்தில் சுற்றுகிறது, இந்த இரண்டையும் வைத்து எவ்வளவு பெட்ரோல் போகவேண்டும் என்று கட்டம் கட்டமாக ஓர் அட்டவணையை நிரப்ப வேண்டுமாம். மேசையில் சால்டர் சுட்ட வடு இருக்கிறது. அவர் மனைவி அதன்மேல் ஒரு பூச்சாடியை வைத்திருக்கிறார். அதைப்பற்றி அந்த அம்மாள் எதுவும் சொல்வதில்லை.

இதெல்லாம்கூடப் போகட்டும். இவர் உயிர் இருப்பது அந்த ரப்பர் குழாயில்.

நான்கு த்ராட்டிலும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். ஒன்று கூட, ஒன்று குறைய இழுத்தால் ஐடிலில் எஞ்சின் உதறும். ஒவ்வொரு குழலிலும் குழாயை வைத்துக் கேட்டால் 'ஸ்ஸ்ஸ்' என்று சத்தம் வரும். நான்கும் ஒரே 'ஸ்ஸ்ஸ்' ஆகும்வரை ஸ்க்ரூவைத் திருக வேண்டும். இரண்டைத் திருகினால் மூன்று கெடும். மூன்றைச் சரிசெய்தால் ஒன்று முறைத்துக்கொள்ளும். தம்புராவின் நான்கு தந்திகளையும் சுருதி சேர்க்கிற ஆளைப் பார்த்திருப்பீர்கள். அவராவது கச்சேரி தொடங்கியதும் நிறுத்திவிடுவார்.

காற்றை மணிக்கு இத்தனை கிலோ என்று முள்ளால் காட்டும் மீட்டர் கடையில் கிடைக்கிறது. இவரிடமே ஒன்று பெட்டியோடு இருக்கிறது. "மீட்டருக்கு என்ன தெரியும்?" என்பார். மனிதக் காது வேண்டும். தன் காது போதாது. பழகிய காதாம் அது, தனக்கு வேண்டியதைத்தான் கேட்குமாம். புதிய காது வேண்டும்.

தபால்காரர் கேட்டிருக்கிறார். பார்சல் கொண்டுவந்த பையன், ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கேட்டிருக்கிறான். தேர்தலுக்கு ஓட்டுக் கேட்க வந்த அம்மாள், ஓட்டு விழுமோ என்ற நம்பிக்கையில் நான்கையும் இரண்டு சுற்று கேட்டார். மகளின் காதலன் முதன்முதலாக வீட்டுக்கு வந்தபோது, பெயர் கேட்பதற்கு முன்பே அவன் கையில் குழாய் இருந்தது. நான்கும் ஒரே மாதிரிதான் இருக்கிறது என்று அவன் சொன்னான். அவனைப்பற்றி இவருக்கு இன்றுவரை நல்ல அபிப்பிராயம் இல்லை.

ஒரே மாதிரி என்று சொன்னால் உங்களுக்குக் காது இல்லை. வித்தியாசம் தெரிகிறது என்று சொன்னால் எதில் என்று கேட்பார். இரண்டாவது என்றால் முகம் வாடும். "மூணாவது கொஞ்சம் கம்மியா இல்ல?" என்று அவரே எடுத்துக்கொடுப்பார். சரி, மூன்றாவது என்று ஒத்துக்கொண்டு ஒன்றைத் தொட்டுக் காட்டினால், அது இரண்டாவதாம். பெஜோவில் சிலிண்டரை கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். நாம் எண்ணியது மறுகோடியிலிருந்து. ஆமோதிப்பதற்குக்கூட இவரிடம் ஒரு படிப்பு வேண்டியிருக்கிறது.

என் மனைவி வீணை படித்தவள் என்ற செய்தி எப்படியோ இவர் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாளே கதவைத் தட்டினார், குழாயை டிஷ்யூ பேப்பரால் துடைத்துக்கொண்டே. அவள் ஒவ்வொரு குழலாகக் கேட்டாள். எடுத்துக்கொடுக்க வந்தவரைக் கையமர்த்தினாள். "இது கம்மி இல்லை. இதில் கூடவே இன்னொரு சத்தம் இருக்கு" என்று ஒன்றைத் தொட்டாள். கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து எண்ணினால் அதுதான் மூன்றாவது. அவர் அந்த இணைப்பைச் சுற்றி கார்புரேட்டர் கிளீனரை அடித்தார். எஞ்சினின் ஓட்டம் சட்டென்று மாறியது. த்ராட்டிலுக்குக் கீழே, அவரே இறுக்கிய கிளிப்பின் ஓரத்தில் காற்று கசிந்துகொண்டிருந்தது. பேசாமல் கொஞ்சநேரம் நின்றார். பிறகு என் மனைவிக்குத் தன் கையாலேயே தேநீர் போட்டுக் கொடுத்தார். அன்றோடு எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். வண்டி ஓடியபோது என்னை உட்காரவைத்து அழைத்துப் போனார். ஊரைத் தாண்டி, சாலை காலியானதும் காலை அழுத்தினார். மற்ற வண்டிகளுக்குச் சத்தம் பின்னால் புகைக்குழாயிலிருந்து வரும். இதற்கு முன்னாலிருந்து வந்தது. காற்றை மென்று விழுங்குகிற குரைப்பு, முழங்காலுக்கு நேரே. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சாலையை விட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோலிங் ரோடு என்கிற உருளைகளில் ஏற்றி அளந்த தாளையும் காட்டினார். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் பழையதே என்பதால் கூடிய சக்தி சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "ஆனா சத்தம்..." என்றார். சத்தம் உண்மைதான். பிறகு ஆண்டுப் பரிசோதனையிலும் தேறிவிட்டது. 1990இல் பதிவான வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம் வரை போகலாம். இவர்கள் பழைய வண்டியை விட்டுப் புதிதுக்குப் போகாததன் ரகசியத்தில் அதுவும் ஒன்று.

ஆனால் அந்த முதல் சவாரியில் பிரேக் கல்லாக இருந்தது. காலுக்கு உதவுகிற சர்வோவுக்கு எஞ்சினின் வெற்றிடம் வேண்டும். பழைய பெட்டியில் அதற்கு ஒரு குழாய் இருந்தது. பெட்டியோடு அதுவும் போயிற்று. இப்போது நான்கிலிருந்தும் சிறு குழாய் எடுத்து ஒன்றுசேர்த்து, ஒருவழி வால்வு வைத்துக் கொடுக்க வேண்டும். அரைநாள் வேலை. "அது அடுத்த வாரம்" என்றார், இரண்டு காலையும் வைத்து மிதித்துக்கொண்டே, ஆரம்பப் பள்ளிக்கு எதிரே. எனக்கு இதில் வேடிக்கை எதுவும் தெரியவில்லை. ஒரு சீறலுக்காக ஊரையே நிற்கவைத்துக் காது கேட்ட மனிதருக்கு, வண்டியை நிறுத்துகிற காரியம் அடுத்த வாரம். சொன்னால் கோபம் வேறு. பெடலை அழுத்தி மிதித்தால் நிற்கத்தானே செய்கிறது என்கிறார்.

என் மனைவியிடம் சொன்னேன். பிரேக் சரியாகும்வரை குழாயைத் தொட மாட்டேன் என்று அவள் சொல்லியனுப்பினாள். அன்று மாலைக்குள் வேலை முடிந்தது.

இப்போது புது கேம்ஷாஃப்ட் போடப் போகிறார். போட்டால் அட்டவணை முதல் கட்டத்திலிருந்து, ஸ்க்ரூ முதல் சிலிண்டரிலிருந்து. பர்மிங்ஹாமில் ஞாயிறு காலை வீணை வகுப்பு எடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். தூரம் என்று மறுத்துக்கொண்டிருந்த என் மனைவி ஒப்புக்கொண்டுவிட்டாள்.