பிரேக் இன்ஸ்பெக்டரும் பன்றி வண்டியும்

சனத்நகரில் குடியிருப்பவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. இங்கே ஓடுகிற எதையும் சும்மா ஓட விடமாட்டார்கள். தொழிற்பேட்டையை ஒட்டி வளர்ந்த பகுதி இது. ஹைதராபாத் ஆல்வின் கம்பெனி பிரிட்ஜ், வாட்ச், பஸ் பாடி என்று சகலத்தையும் செய்து தள்ளிய காலத்து ஆட்கள் இன்னும் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். முனை திரும்பும்போது என் ஸ்கூட்டர் லேசாக இருமினால் போதும், இரண்டு வாசல்களிலிருந்து "பிளக்கைக் கழட்டிப் பாருங்க" என்று தெலுங்கில் வரும். மூன்றாவது வாசலிலிருந்து "பிளக் இல்ல, கார்புரேட்டர்" என்று தமிழில் தீர்ப்பு வரும். அந்த மூன்றாவது வாசல் எங்களுடையது. தீர்ப்பு சொல்பவர் என் மாமனார்.

பஸ் பாடி கட்டும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். கல்யாண மண்டபத்தில் ஊரே மணப்பெண்ணைப் பார்க்கும்போது அவர் மட்டும் ஷாமியானா கம்பியின் வெல்டிங்கைப் பார்ப்பார். இப்படிப்பட்ட மனிதரின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துதான் என் பையன் 'பேட் பிக்கீஸ்' ஆட ஆரம்பித்தான்.

பின்லாந்தின் ரோவியோ கம்பெனி, வரிசையாக 51 விளையாட்டுகள் செய்து ஓய்ந்து, 52ஆவதாக 2009இல் விட்டதுதான் ஆங்ரி பேர்ட்ஸ். அதில் பறவைகளிடம் அடி வாங்குவதே பச்சைப் பன்றிகளின் பிழைப்பு. 2012 செப்டம்பரில் ரோவியோவுக்கு இரக்கம் பிறந்து, பன்றிகளையே கதாநாயகர்கள் ஆக்கியது. பன்றி ஊர் போய்ச் சேர வேண்டும். நாம் வண்டி கட்டிக் கொடுக்க வேண்டும். மரப்பெட்டி, சக்கரம், மோட்டார், துருத்தி, மின்விசிறி, பலூன், சோடா பாட்டில், குடை, சில சமயம் வெடிகுண்டு என்று கட்டத்துக்குப் பக்கத்தில் சாமான்கள் அடுக்கியிருக்கும். எர்ரகட்டா ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விரிக்கும் பழைய சாமான் கடைகள் இதைவிட ஒழுங்காக இருக்கும்.

பையன் இரண்டு பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தான். கீழே சக்கரம், பின்னால் மோட்டார், உச்சியில் பன்றி, பன்றிக்குப் பக்கத்தில் எதற்கென்றே தெரியாமல் ஒரு குடை.

மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"டேய் கண்ணா, இது என்னது?"

"வண்டி, தாத்தா."

"இதுக்கு எந்த பிரேக் இன்ஸ்பெக்டர்டா எஃப்.சி. குடுத்தான்?"

பொத்தானை அமுக்கினான். மோட்டார் சக்கரத்தை முன்பக்கமாகச் சுழற்ற, அதே விசை வண்டியின் உடம்பைப் பின்பக்கமாகத் திருப்பியது. முன்சக்கரம் மேலே எழும்பி, ஒரு கணம் யோசித்து, பிறகு மொத்த வண்டியும் மல்லாந்தது. பெட்டி ஒரு திசை, குடை ஒரு திசை. பன்றி மட்டும் சிரித்த முகத்தோடு சரிவில் தானாகவே உருண்டு, எல்லைக்கோட்டைத் தாண்டி நின்றது. திரையில் ஜெயித்ததற்கான மேளதாளம்.

"வண்டி சுக்கு நூறாயிடுச்சு, டிரைவர் ரோட்ல உருண்டு போறான். இது பாஸா?"

"போய்ச் சேர்ந்தாச்சே தாத்தா!"

அன்றிரவு சாப்பாட்டில் மாமனாருக்கு மோர் இறங்கவில்லை. புவியீர்ப்பு மையம் என்று ஒன்று இருப்பதை இந்தத் தலைமுறை மறந்துவிட்டது என்றார். டபுள் டெக்கர் பஸ் மாடியில் நின்றுகொண்டு பயணம் செய்யக்கூடாது என்று சொல்வது எதற்கு? லண்டனில் மாடியில் மட்டும் ஆட்கள் எடைக்கு மூட்டை ஏற்றி, கீழ்த்தளத்தைக் காலியாக விட்டு, பஸ்ஸை 28 டிகிரி சாய்த்துப் பார்ப்பார்கள், அப்போதும் விழக்கூடாது. "உங்க பையன் வண்டி கொசு உட்கார்ந்தா சாயும், மாப்பிள்ளை." அப்பாவின் ரத்தம்தானே என்று அவர் சொல்லவில்லை. சொன்ன மாதிரிதான் பார்த்தார்.

நான் பையன் கட்சி. உலகமும் பையன் கட்சிதான் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இருக்கிறது. 2023 மே மாதம் வந்த ஜெல்டா விளையாட்டில், பலகை, சக்கரம், விசிறி எதை வேண்டுமானாலும் பிசின் வைத்து ஒட்டி வாகனம் செய்யலாம். ஆட்டக்காரர்கள் பீரங்கி வண்டியும் ராட்சத ரோபோவும் கட்டிக் குவித்தார்கள். கடைசியில் ஊர் சுற்ற எல்லோரும் வந்து சேர்ந்த வாகனம் எது? ஒரு ஸ்டியரிங், முன்னும் பின்னுமாக இரண்டு விசிறி. அவ்வளவுதான். பார்த்தால் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள்; ஆனால் பறக்கும். சென்னையில் காசிமேட்டுப் பக்கம் போனவர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. முன்னால் இரண்டு சக்கரம், நடுவில் ஒரு பலகை, பின்னால் எந்த ஸ்கூட்டரின் ஆவியோ தெரியாத ஒரு எஞ்சின்: மீன்பாடி வண்டி எந்த டிசைன் காலேஜிலும் பாஸாகாது. மீன் மட்டும் நேரத்துக்குச் சந்தை போய்ச் சேர்ந்துவிடும்.

இதையெல்லாம் எடுத்துச் சொல்லியும் மாமனார் மசியவில்லை. சரி, நேரிலேயே காட்டிவிடலாம் என்று பகதூர்புராவில் உள்ள சுதா கார் மியூசியத்துக்கு அழைத்துப் போனேன். சுதாகர் என்பவர் கட்டிய கார்கள் அங்கே நிற்கின்றன. கத்திரிக்காய் கார், பர்கர் கார், கிரிக்கெட் மட்டை கார், பெண்கள் போடும் குதிகால் செருப்பு கார், எல்லாமே ஓடும். 2005 ஜூலை 1ஆம் தேதி அவர் 41 அடி 7 அங்குல உயர மூன்று சக்கர சைக்கிளை ஹைதராபாத்தில் ஓட்டிக் காட்டி கின்னஸில் இடம் பிடித்தார். நாலு மாடி உயரத்தில் உட்கார்ந்து பெடல் மிதிப்பவரிடம் புவியீர்ப்பு மையம் பற்றிப் பேச முடியுமா?

குழந்தைகள் எல்லாம் கத்திரிக்காய்க்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அதற்கு அடியில் குனிந்து சேஸிஸைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். எழுந்து வந்தபோது முகத்தில் முதல் முறையாக ஒரு சந்தேகம் தெரிந்தது.

"வேலை சுத்தம்," என்றார். "காய்தான் கொஞ்சம் முத்தல்."

வீட்டுக்கு வந்து சில நாள் கழித்து, ஒரு மத்தியானத் தூக்கத்திலிருந்து நான் எழுந்தபோது ஹாலில் பன்றி உறுமும் சத்தம். டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு மாமனார் தனியாக ஆடிக்கொண்டிருந்தார். வண்டி கட்டியிருந்த அழகைச் சொல்ல வேண்டும்: அடியில் இரும்புப் பெட்டிகள், நாலு சக்கரம், அகலமான அடித்தளம், பன்றியை நட்டநடுவே தாழ்வாக உட்கார வைத்து நாலு பக்கமும் சட்டம். 28 டிகிரி என்ன, தலைகீழாகக் கவிழ்த்தாலும் பன்றிக்குத் தூக்கம் கலையாது.

ஓட்டினார். வண்டி சமதளத்தில் ராஜாவாகப் போய், மேட்டில் பாதி ஏறி, அத்தனை இரும்பையும் இழுக்க மாட்டாமல் மோட்டார் முனகி நிற்க, மெதுவாகப் பின்னோக்கி வந்து கிளம்பிய இடத்திலேயே ஓய்ந்தது.

பின்னால் நின்றுகொண்டிருந்த பையன் ரகசியமாகச் சொன்னான்: "தாத்தா, ரெண்டு இரும்புப் பெட்டியை எடுத்துட்டு ஒரு சோடா பாட்டிலை மாட்டுங்க. போயிடும்."

சோடா பாட்டிலா என்று மாமனார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார். கடைசியாகப் பன்றியைப் பார்த்தார்.

"பாடியில ஒரு குறையும் இல்லடா," என்றார். "டிரைவர்தான் சரியில்ல."