முப்பது கணினி, முப்பது ஸ்ருதி

திங்கட்கிழமை முதல் வகுப்பு. சோனிக் பை, பியூர் டேட்டா போன்ற மென்பொருள்களில் நிரல் எழுதி இசையமைப்பது எப்படி என்று சொல்லித்தரப் போகிறீர்கள். லேபில் 30 கணினிகள். இன்று வெள்ளி, ஒன்றிலும் எதுவும் ஏற்றவில்லை. அருமை. இதுவரை ஒரு தப்பும் செய்யவில்லை. இனி நான் சொல்கிறபடி செய்யுங்கள்.

1. வெர்ஷன் நம்பரை வாய் தவறியும் சொல்லாதீர்கள். "எல்லாரும் சோனிக் பை போட்டுட்டு வந்துடுங்கப்பா" என்று வாட்ஸாப் குழுவில் ஒரு வரி போதும். ஒருத்தன் அண்ணனின் பென்டிரைவில் கிடந்த 2-ஐ ஏற்றுவான். ஒருத்தி 4-ஐ இறக்குவாள். கீபோர்டு போன்ற கருவிகளோடு பேசும் மிடி வசதி 2017-இல் வந்த 3-இல்தான் சேர்ந்தது. ஆகவே முதல் பாடமே மிடி.

2. பியூர் டேட்டாவா? குறிப்பு பழசாக இருக்கட்டும். அதன் விரிவுபட்ட தொகுப்பான பிடி-எக்ஸ்டெண்டட் 2013-ஓடு நின்றுவிட்டது. அதற்கு எழுதிய பக்கங்களை ஜெராக்ஸ் போட்டுக் கொடுங்கள். பிள்ளைகள் ஏற்றியிருப்பதோ மில்லர் பக்கெட் இன்றும் வெளியிட்டுவரும் வனிலா என்ற மூலப் பதிப்பு. பெட்டி வரைந்து பெயரை அடித்ததும் அதன் ஓரம் விட்டுவிட்டு வரும் கோடாக மாறும். "ஸ்பெல்லிங்க பாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்கு நகருங்கள். ஸ்பெல்லிங் சரியாகத்தான் இருக்கும், அந்தப் பெட்டிதான் வனிலாவில் இருக்காது.

3. சாம்பிள் ரேட்டைத் தொடவே தொடாதீர்கள். இது நம் கலையின் உச்சம், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். விண்டோஸில் ஸ்பீக்கருக்கு ஒரு ரேட், மைக்குக்கு ஒரு ரேட். ஒன்று விநாடிக்கு 48000 சாம்பிள், மற்றது 44100 என்று இருந்தால் சூப்பர்கொலைடர் என்ற ஒலி சர்வர் கிளம்பாது. அதன் முதுகில் ஏறி வரும் சோனிக் பையும் பல நேரம் அங்கேயே படுத்துவிடும். உங்கள் வகுப்பில் மைக்கை யாரும் தொடப்போவதில்லை. ஆனாலும் அந்த மைக்தான் வகுப்பை நிறுத்தும்! சவுண்ட் செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு என்ற டேபுக்குள் போய் இரண்டையும் ஒன்றாக்க ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தை வெள்ளிக்கிழமை செலவழித்துவிடாதீர்கள். திங்களன்று 30 பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது செலவழியுங்கள்.

பியூர் டேட்டா இதில் இன்னும் ஒத்துழைக்கும். 44100-இல் பதிந்த கோப்பை 48000-இல் ஓடும் கணினியில் கொடுத்தால் கேள்வி கேட்காமல் வேகமாக வாசிக்கும். 48 விநாடிப் பாட்டு 44 விநாடி சொச்சத்தில் முடியும். ஸ்ருதி ஏறக்குறைய ஒன்றரை ஸ்வரஸ்தானம் ஏறி நிற்கும். யாராவது காது கூர்மையான பெண் "சார், என்னுது மட்டும் வேற ஸ்ருதியில இருக்கு" என்பாள். "உன் ஹெட்போன் பிரச்சினைம்மா" என்று சொல்லிப் பழகுங்கள்.

4. ராஸ்ப்பெரி பை என்ற குட்டிக் கணினி வாங்குகிறீர்களா? ஹெட்போன் 30-ஐயும் ஒரே மாடலில் வாங்குங்கள், கணினியை மட்டும் கலந்து வாங்குங்கள். பை 3, பை 4 இரண்டிலும் 3.5 மி.மீ. துளை உண்டு. 400-இலும் 5-இலும் கிடையாது. பில்லில் கையெழுத்தான பிறகு துளையைத் தேடுங்கள்.

5. சோனிக் பையில் ஓர் ஆபத்து இருக்கிறது, எச்சரிக்கிறேன். 2012-இல் கேம்பிரிட்ஜில் சாம் ஆரன் இதைப் பள்ளிப் பிள்ளைகளை மனத்தில் வைத்தே செய்யத் தொடங்கினார். அதனாலோ என்னவோ, இதன் 'ரேண்டம்' எல்லா இடத்திலும் ஒரே ரேண்டம். 50-க்கும் 95-க்கும் நடுவே ஏதாவது ஒரு ஸ்வரம் எடு என்றால் எந்தக் கணினியிலும் முதலில் வருவது 83.7527. முப்பதும் ஒரே ஸ்வரத்தைச் சேர்ந்து பாடினால், அமைப்பு ஒழுங்காக இருக்கிறது என்று ஐந்தே விநாடியில் தெரிந்துவிடும். விடாதீர்கள். ரேண்டமைத் தொடங்கிவைக்கும் எண்ணான சீடில் கணினிக் கடிகாரத்தின் நேரத்தைப் போடச் சொல்லுங்கள். கடிகாரங்களையும் சரிசெய்ய வேண்டாம்.

6. ஒத்திகையை உங்கள் சொந்த லேப்டாப்பில், அட்மின் லாகினில் பாருங்கள். மாணவர் லாகின் என்று ஒன்று இருப்பதே திங்களன்று தெரிந்தால் போதும்.

7. ரீஸ்டார்ட் செய்தால் பழைய நிலைக்கே திரும்பும்படி லேபைப் பூட்டி வைத்திருப்பார்கள். பூட்டைத் திறக்கச் சொல்லாமலே சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து 30-இலும் ஏற்றுங்கள். டீ சாப்பிடுங்கள். எல்லாவற்றையும் ஷட்டவுன் செய்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போங்கள்.

8. புளூடூத் ஹெட்போன் கொண்டுவந்தவனைப் பாராட்டுங்கள். தாளம் தட்டச் சொல்லுங்கள், ஒலி தாமதமாகத்தான் வரும்.

9. இவ்வளவுக்குப் பிறகும் கடைசி பெஞ்சில் ஒரு பெண் பிரவுசரைத் திறந்து, ஜார்ஜியா டெக்கில் உருவான இயர்ஸ்கெட்சில் பைத்தானில் நாலு வரி எழுதி டிரம்ஸ் போட்டுக்கொண்டிருப்பாள். இன்ஸ்டாலும் இல்லை, வெர்ஷனும் இல்லை. பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்ப்பதற்குள் லேப் பொறுப்பாளருக்குப் போன் போட்டு அந்தத் தளத்தை முடக்கச் சொல்லுங்கள். மூன்று வாரமாகப் போனை எடுக்காத மனிதர், இதற்கு மட்டும் ஓடி வருவார்.