பன்றி தின்னாதவர் தலையில் பன்றிப்புழு

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரருக்குத் திடீரென்று வலிப்பு. மூளையில் நாடாப்புழு என்கிறார்கள். அவரோ பூண்டுகூடச் சேர்க்காத சைவம். இது எப்படி சார்?

பதில்: அவர் சைவம் என்பதைப் புழுவுக்கு யார் சொல்வது? சரியாக வேகாத பன்றிக்கறியைத் தின்றவருக்குப் புழு குடலில் வளரும். சில மீட்டர் நீளம் போனாலும் பல நேரம் ஆளுக்கே தெரியாது. அவர் மலத்தோடு வெளியேறும் முட்டை, கழுவாத கை வழியாகவோ கழுவாத கீரை வழியாகவோ இன்னொருவர் வாய்க்குள் போனால்தான் வம்பு. அதிலிருந்து வரும் பொடிப்புழு குடல் சுவரைத் துளைத்து, ரத்தத்தில் ஏறி, மூளையில் பை கட்டி உட்கார்ந்துவிடும். தின்றவர் பெரும்பாலும் வயிற்றோடு தப்பிக்கிறார். தின்னாதவர் தலையில் குடித்தனம்! நியூயார்க்கின் புரூக்ளினில், பன்றியைத் தொடவே தொடாத ஆசார யூதக் குடும்பங்களில் இது வந்ததாக 1992இல் மருத்துவ இதழிலேயே எழுதினார்கள். வீட்டு வேலைக்கு வந்தவர்கள் மூலம் முட்டை வந்திருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு.

இன்னொரு வேடிக்கை: புழு உயிரோடு இருக்கும்வரை பெரும்பாலும் சத்தம் போடாது. சாகும்போதுதான் மூளை வீங்கி வலிப்பு வருகிறது. ஆகவே, மருந்துக்கடையில் பூச்சி மாத்திரை வாங்கி அவராகவே போட்டுக்கொள்ள வேண்டாம். ஸ்கேன் பார்த்த நரம்பியல் டாக்டர் சொன்ன பிறகு போடச் சொல்லுங்கள்.