குலதெய்வத்துக்குத் தொண்டை அடைப்பு

ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவருக்கு அது வண்டி இல்லை, குலதெய்வம். 1996-இல் உற்பத்தி நின்றபின் பக்தி கூடித்தான் இருக்கிறது. ஞாயிறுதோறும் டேங்குக்குப் பாலிஷ் உண்டு. சைலன்சருக்குள் எட்டிப் பார்க்க மட்டும் யாருக்கும் நேரமில்லை.

உள்ளே இருப்பது கரி. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்தே எரியும். எரியாத மிச்சம், சைலன்சருக்குள் சத்தத்தை அடக்கும் பேஃபிளின் துளைகளைப் பிசுபிசுவென்று அடைக்கும். வண்டி மேட்டில் திணறும். பிளக்கை மாற்றி, கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோல் பங்க்காரரையும் திட்டி முடித்த பிறகுதான் சைலன்சர் ஞாபகம் வரும். திருகைக் கழற்றி பேஃபிளை உருவி, தீயில் வாட்டி, கரியைத் தட்டி, புது கிளாஸ் வுல் சுற்றி, மெல்லிய கம்பியால் இறுக்கிச் செருக வேண்டும். அவ்வளவுதான் வேலை. கையுறை போடாத வீரர்கள் மட்டும் விடியவிடியச் சொறிந்துகொண்டிருப்பார்கள்.

தெருமுனை நிபுணர்களிடம் இதைவிடச் சுலபமான வைத்தியம் இருக்கிறது. "பேஃபிளைத் தூக்கிப் போடுங்கண்ணே, பிக்கப் பிச்சுக்கும்!" பிய்த்துக்கொள்வது பெரும்பாலும் அக்கம்பக்கத்தார் காதுதான். சைலன்சரின் விரிந்து ஒடுங்கும் குழாய், அழுத்த அலையைத் திருப்பியனுப்பி, தப்பியோடும் புதுக் கலவையை சிலிண்டருக்குள்ளேயே தள்ளுகிறது என்று விளக்கிப் பாருங்கள். டீ ஆறிவிடும், ஆள் இருக்க மாட்டார்.

இப்படிக் காதைப் பிளந்து பறிமுதலான சைலன்சர்களைப் போலீசார் ரோடு ரோலர் ஏற்றி நசுக்கும் செய்தி வந்தால் மட்டும் நம்மவர் கண் கலங்குகிறார். "குரோம் எவ்வளவு பளபளன்னு இருக்கு பாருங்க, பாவிங்க!"