நெய்க்கு அடியில் தோசை

பேலியோ டயட்டில் இறங்கி இன்றோடு இருபத்தொரு நாள். காலையில் எனக்கு 100 பாதாம். தோராயமாக 120 கிராம், 700 கலோரி. எண்ணி முடிப்பதற்குள் குக்கரின் விசில் கணக்கு தவறிவிடுகிறது. மற்றவர்களுக்கு வெண்பொங்கல். மிளகும் சீரகமும் நெய்யில் பொரியும்போது அடுப்பை விட்டு நகரக் கூடாது என்பது சமையல் விதி; ஓடிவிட வேண்டும் என்பது டயட் விதி.

உப்புப் பார்ப்பது சாப்பிடுவதில் சேராது என்று எனக்கு நானே ஒரு சலுகை வழங்கியிருக்கிறேன். அதனால் எங்கள் வீட்டுப் பொங்கலுக்கு இப்போதெல்லாம் மூன்று முறை உப்புப் பார்க்கப்படுகிறது. நாலாவது முறை முந்திரிக்காக.

“நூறு கிராம் சோத்துல 28 கிராம் மாவுச்சத்து, தெரியுமா?” என்றேன் மதியம். “அப்படியா, இன்னும் கொஞ்சம் போடு” என்று தட்டை நீட்டினார் கணவர். நான் துருவிய காலிஃபிளவரை ‘சாதம்’ என்று நம்பிப் பிசைந்துகொண்டிருந்தேன். மகன் எட்டிப் பார்த்தான். “ஏம்மா பொரியல்ல ரசம் ஊத்துற?”

இட்லி மாவு அரைப்பதும் என் பொறுப்புதான். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. ராத்திரியோடு ராத்திரியாக இரண்டு மடங்காகப் பொங்கியும் எடை கூடாத ஒரே ஜீவன் இந்த வீட்டில் அதுதான்.

அந்த மாவில்தான் மாமியார் முறுகலாக ஒரு தோசை வார்த்துக்கொண்டு வந்தார்.

“நெய் ஆகும்னியேம்மா? நெய்தான் கொண்டாந்திருக்கேன். அடியில தோசை இருந்தா அதுக்கு நான் என்ன பண்றது?”

சரியான பதில் ஒன்று தோன்றியது. வாய் நிறைய இருந்ததால் சொல்ல முடியவில்லை.