கேமிங் கணினி உறுப்பியல்: ஒரு பேருரை

நடுத்தர விலைக் கேமிங் கணினி பெரும்பாலும் கடையில் ஆயத்தமாக வாங்கும் பொருள் அன்று. உறுப்பு உறுப்பாக வாங்கிச் சேர்க்கப்படுவது. உறுப்புகள் எட்டு: ப்ராசஸர், மதர்போர்டு, ராம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்.எஸ்.டி., எஸ்.எம்.பி.எஸ்., கூலர், கேபினட். மானிட்டரை அகத்துறுப்பாகக் கொள்வதா புறத்துறுப்பாகக் கொள்வதா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பட்ஜெட் போடும்போது அதைப் புறத்தே நிறுத்துகிறவர்களே, காசு கொடுக்கும்போது அகத்தே சேர்த்துக்கொள்கிறார்கள்.

ஆய்வுக் களம் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவும் அதன் அண்டையிலுள்ள நரசிங்கபுரம் தெருவும். இங்கே கொட்டேஷன் என்னும் ஏடு வழங்கப்படுகிறது. துண்டுத் தாளில் இடப்பக்கம் உறுப்பின் பெயர், வலப்பக்கம் விலை, அடியில் கூட்டுத்தொகை, அதற்கும் அடியில் பொடி எழுத்தில் “ஜி.எஸ்.டி. தனி”. அந்தத் தனி 18 சதவீதம். “இன்னிக்கு ரேட் பாஸ், நாளைக்கு மாறும்” என்பது ஏட்டோடு வாய்மொழியாக வழங்கும் சிறப்புப் பாயிரம். பல கடை ஏடுகளை அருகருகே வைத்துப் பாடபேதம் பார்த்தால் ஒன்று புலப்படும். ப்ராசஸரும் கார்டும் எல்லா ஏடுகளிலும் கம்பெனிப் பெயர், மாடல் எண் சகிதம் எழுதப்பட்டிருக்கும். எஸ்.எம்.பி.எஸ். மட்டும் வெறும் “500 வாட்” என்று ஊர் பேர் இல்லாமல் நிற்கும். இதை ஏடெழுதுவோர் பிழை என்று தள்ளிவிட முடியாது, பின்னர் விரிப்போம்.

இத்துறையில் நிதி நல்கும் அமைப்பு பெரும்பாலும் அப்பா. விண்ணப்பத்தில் கேம் என்ற சொல் வரக்கூடாது என்பது மரபு.

“கிராபிக்ஸ் கார்டு இல்லாம ஏஐ படிக்கவே முடியாதுப்பா.”

“எதிர்வீட்டுப் பையன் லேப்டாப்லயே படிச்சு வேலைக்குப் போயிட்டானே?”

“அவன் சிவில் இன்ஜினியரிங்ப்பா.”

எழுபதாயிரம் ஒதுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

இனி, நூலின் தலைமை விதி: “இன்னும் இரண்டாயிரம் போட்டால் அடுத்தது கிடைக்கும்.” இதன் பொருள் யாதோவெனின், ‘இன்னும்’ என்றதனால் முன்பே ஒருமுறை போட்டாயிற்று என்பது பெறப்படும். ‘போட்டால்’ என்றமையால் போடாமலும் இருக்கலாம் என்பது இலக்கண அளவில் மட்டும் கொள்ளப்படும். எடுத்துக்காட்டு வருமாறு. ரைசன் 5 5600 என்று தொடங்குகிறான் மாணாக்கன். ஆறு கோர், 65 வாட். 2022 ஏப்ரலில் வந்தது, இன்றும் குறையில்லாமல் ஓடுவது. “ஏஎம்4 செத்துப்போன சாக்கெட் ப்ரோ” என்கிறான் நண்பன். ஆகவே 7600. அது ஏஎம்5, அதற்குப் புது மதர்போர்டு வேண்டும், அதில் டிடிஆர்5 ராம்தான் ஏறும். இவ்வளவு நல்ல ப்ராசஸருக்குச் சின்ன கார்டு போட்டால் பாட்டில்நெக் ஆகும் என்று அச்சுறுத்தப்பட்டுக் கார்டு ஒரு படி ஏறுகிறது. கார்டு ஏறியபின் பழைய 1080 மானிட்டரில் பார்ப்பது பாவம் என்று 1440 வருகிறது. 1440-க்கு இந்தக் கார்டு போதாது. தர்க்க நூலார் அநவஸ்தை என்று குற்றமாகச் சொல்லும் முடிவிலாச் சங்கிலி இதுவே. தர்க்கத்தில் அது வாதியைத் தோற்கடிக்கும். தெருவில் அது கடைக்காரரை வாழவைக்கும்.

ப்ராசஸரில் சமயம் இரண்டு, ஏஎம்டி, இண்டெல் என. இவற்றின் பூசல் வேகத்தைப் பற்றியது என்று வெளியார் நினைக்கிறார்கள். உண்மையில் அது சரணாகதி பற்றியது. வைணவத்தில் வடகலையார் குரங்குக்குட்டியைக் காட்டுவர்: குட்டிதான் தாயைப் பற்றிக்கொள்ள வேண்டும். தென்கலையார் பூனைக்குட்டியைக் காட்டுவர்: தாயே கவ்விக்கொண்டு போவாள், குட்டிக்கு ஒரு முயற்சியும் வேண்டாம். ஏஎம்4 ப்ராசஸரைத் திருப்பிப் பாருங்கள். 1331 ஊசிகள் அதன் அடியிலேயே இருக்கும்; குட்டிதான் போர்டைப் பற்றுகிறது. இண்டெல் மேசைக்கணினிகளில் 2004 முதல் ஊசிகள் போர்டின் பக்கம் போய்விட்டன. ப்ராசஸரின் அடி வழவழப்பு, தாயே பிடித்துக்கொள்கிறாள். இருநெறிக்கும் இடர் உண்டு. குரங்கு நெறியில், காய்ந்த தெர்மல் பேஸ்ட்டோடு கூலரை வெடுக்கென்று இழுத்தால், பூட்டிய சாக்கெட்டிலிருந்தே ப்ராசஸர் பிய்ந்து கூலரோடு வந்துவிடும். குட்டி தாயை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிக்கொண்ட கதை. கூலரைச் சற்றுச் சூடேறியபின் மெல்லத் திருகி எடுப்பதே இதற்குப் பரிகாரம். பூனை நெறியில், ப்ராசஸர் கை நழுவி விழுந்தால் போர்டின் ஊசி வளையும்; வளைந்த ஊசி பொதுவாக வாரண்டியில் வராது. 2022-இல் ஏஎம்5 வந்தபோது ஏஎம்டியும் ஊசிகளைப் போர்டுக்கு மாற்றிப் பூனை நெறியைத் தழுவியது. இத்தனை பெரிய மதமாற்றம் ஒரு பட்டிமன்றம்கூட இல்லாமல் நடந்தது வியப்பு.

என்விடியா கார்டின் எண்ணிலக்கணம் எளிது. முதல் இரண்டு இலக்கம் தலைமுறை, பின்னிரண்டு தகுதி. 4060-ல் 40 தலைமுறை, 60 தகுதி. புதிய தலைமுறை என்பதாலேயே முந்தைய தலைமுறையின் மேல்தகுதியை வென்றுவிடும் என்று கொள்ளற்க. 3070 இன்னும் 4060-ஐவிட வேகமானதே. இன்னொரு விந்தை: 2021-இல் வந்த 3060-க்கு 12 ஜிபி மெமரி, 2023-இல் வந்த 4060-க்கு 8 ஜிபி. டிஐ, சூப்பர் என்பன விகுதிகள். இவை வந்து புணரும்போது விலையில் தோன்றல் நிகழும், திரிதல் நிகழும். கெடுதல் மட்டும் அரிது. இண்டெலின் எஃப் விகுதி இதற்குப் புறனடை. 12400 என்பது 12400எஃப் ஆனால் விலை இறங்கும், ஏனெனில் உள்ளிருந்த கிராபிக்ஸ் வேலை செய்யாது. கார்டு ஒருநாள் படுத்தால் மானிட்டரில் கறுப்பு தவிர வேறொன்றும் தெரியாது.

செகண்ட்ஹேண்ட் கார்டு பற்றி ஒரு சொல். 2020, 2021-இல் கிரிப்டோ காசு தோண்டுவோர் கார்டுகளை வாரிக்கொண்டு போனார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்னும் காசு தோண்டலே வேண்டாத முறைக்கு மாறியதும் அந்தத் தொழில் படுத்தது, கார்டுகள் சந்தைக்கு வந்தன. அன்று முதல் “மைனிங்ல ஓடாத கார்டு பாஸ்” என்பது கற்பு வாக்குமூலமாக வழங்கி வருகிறது. நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

ராமில் வாங்குவதைவிடச் செருகுவதில்தான் சூட்சுமம். நான்கு துளைகள் உள்ள போர்டில் இரண்டு குச்சிகளைப் பக்கத்துப் பக்கத்தில் போடலாகாது; ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். அப்போதுதான் இரட்டைச் சேனலில் ஓடும். 3200 என்று எழுதியிருந்தாலும் பயாஸில் எக்ஸ்எம்பியை இயக்காவிட்டால் பெரும்பாலும் குறைந்த வேகத்திலேயே காலம் தள்ளும். 2025 இறுதியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போகவே ராம் விலை ஏறியது. மைக்ரான் அந்த டிசம்பரில் தன் க்ரூஷியல் சில்லறை வியாபாரத்தையே நிறுத்துவதாக அறிவித்தது. ஏஐ படிக்கத்தான் கணினி என்று அப்பாவிடம் சொன்னவனுக்கு இது கிடைத்த நீதி.

எஸ்.எஸ்.டி. பற்றி விரிக்க ஏதுமில்லை. 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 நீளம். வாங்குக.

எஞ்சியது எஸ்.எம்.பி.எஸ். மற்ற ஏழும் சாப்பிடுவது இதன் கையால். ஆயினும் இதைப் பற்றி எந்த நண்பனும் சண்டை போடுவதில்லை. இதற்கு ரசிகர் மன்றம் இல்லை, கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலும் இது தெரிவதில்லை, கேபினட்டின் அடித்தட்டில் மூடிக் கிடக்கிறது. ஆகவே கடைசியில் மிஞ்சிய காசுக்கு இது வாங்கப்படுகிறது. எழுபதாயிரம் எழுபத்தொன்பதாயிரமாகி நிற்கும்போது, “கேபினட்டோட வர்றதே போதும் பாஸ்” என்ற குரல் கேட்கும். ஏட்டில் பெயரின்றி நின்ற 500 வாட்டின் வரலாறு இதுவே.

இதன் எதிர்முனையில் இன்னொரு பிழை உண்டு. பின்னாளில் உதவும் என்று 850 வாட் வாங்கிவைப்பது. கணக்கு என்ன? 4060 அதிகபட்சம் 115 வாட். 5600 சுமார் 76. ஃபேன், டிஸ்க், ராம், போர்டு எல்லாம் சேர்த்தாலும் விளையாடும்போது 250-ஐத் தாண்டாது. என்விடியாவே 4060-க்கு 550 வாட் சப்ளை போதும் என்கிறது. 80 ப்ளஸ் பட்டங்களான வெண்கலம், வெள்ளி, தங்கம் எல்லாம் மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கானவை; வெண்கலம் பாதிச் சுமையில் குறைந்தது 85 சதவீதம். உள்ளே 200 வாட் போக, சுவரிலிருந்து 235 வரை இழுக்கும், மீதி வெப்பம். கரண்ட் ஏறி இறங்கும் தெருவில் எஸ்.எம்.பி.எஸ். கார்டைக் காப்பாற்றுமா என்பதைப் பட்டம் சொல்லாது. அதைச் சொல்லுவது கம்பெனியின் பெயரும் பில்லோடு வரும் வாரண்டியும். எம் துணிபு: 5600-இலேயே நில்லுங்கள், மிஞ்சுவதில் நல்ல கம்பெனியின் 550 வாட் வாங்குங்கள், மற்றதையெல்லாம் கார்டில் போடுங்கள். “பில் வேணுமா, வேணாமா?” என்று கேட்டால் வேணும் என்று சொல்லுங்கள்.

பூட்டும் படலத்தில் தெர்மல் பேஸ்ட் மிளகளவா பட்டாணியளவா என்ற வாதம் இன்னும் முடியவில்லை. இரண்டும் வேலை செய்கின்றன என்பதே முடியாததற்குக் காரணம். எல்லாம் பூட்டிய பின் ஐ.ஓ. ஷீல்டு என்ற சிறு தகடு மேசைமேல் கிடக்கும். அதைப் பொருத்த மதர்போர்டை மீண்டும் கழற்ற வேண்டும். பிறகு எச்டிஎம்ஐ ஒயரைக் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகி, கார்டு பழுது என்று கடைக்குப் போன் போடுவது சடங்கின் ஒரு பகுதி. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் விண்டோஸில் 60-இலேயே கிடப்பதை யாராவது பல மாதம் கழித்துக் கண்டுபிடிப்பார்கள்.

இத்தனைக்கும் பின் அதில் ஓடுவது யாது? கள ஆய்வு காட்டுவது: சைபர்பங்க் ஒருநாள், நண்பர்களுக்குக் காட்ட. மற்ற நாள்களில் 2006-இல் வந்த கிரிக்கெட் 07.

ஆயுத பூஜையன்று அம்மா கண்ணாடிக் கதவில் சந்தனம் தடவிக் குங்குமம் இட்டாள். அப்பா அருகே வந்து, விளக்குகள் பச்சையாகிச் சிவப்பாவதைச் சற்று நேரம் பார்த்தார்.

“எல்லாம் சரி, பிரிண்டர் எங்கடா?”

எட்டுறுப்பையும் விரித்த உரையாசிரியர் எவரும் இதற்கு உரை எழுதவில்லை.